உச்சியில் வெடித்தது, நாங்கள் கிழக்கே நிலா பார்த்துக்கொண்டிருந்தோம்

என் போனில் ஒரு நிலாப் படம் இருக்கிறது. டெலஸ்கோப்பின் கண்வில்லையில் கேமராவை ஒட்டி வைத்து எடுத்தது. ஓரம் மசங்கல், நடுவில் வெளுப்பு, பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். காரணம், அதில் பதிந்திருக்கும் நேரம்: 2022 அக்டோபர் 9, மாலை 6:51.

அன்று ஞாயிற்றுக்கிழமை, புரட்டாசிப் பௌர்ணமி. தண்டையார்பேட்டையில் எங்கள் மொட்டை மாடியில் பதினைந்து பேருக்கு மேல் கூடியிருந்தோம். பாதிப் பேர் தெருப் பிள்ளைகள். எட்டு அங்குல டெலஸ்கோப் கிழக்குப் பக்கம் திரும்பி நின்றது. காசிமேட்டுப் பக்கக் கட்டடங்களுக்கு மேலே நிலா ஏறிக்கொண்டிருந்தது, அதற்கும் மேலே வியாழன். வரிசையில் நின்ற பொடியன் ஒருவன் கண்ணை எடுத்துவிட்டு, "இன்னாண்ணா, வடை சுடுற பாட்டியக் காணோம்?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தோம். அவனுக்காகத்தான் அந்தப் படத்தை எடுத்தேன்.

அதே நிமிடத்தில், எங்கள் உச்சந்தலைக்கு நேர் மேலே இருந்து வடமேற்காக ஒரு முஷ்டி அகலம் தள்ளி, மனிதர் கருவி கொண்டு பார்த்தவற்றிலேயே மிகப் பிரகாசமான காமா கதிர் வெடிப்பு உச்சத்தில் இருந்தது. மாடியில் ஒருவர்கூட அண்ணாந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தெரிந்திருக்குமா என்பது வேறு கேள்வி, அதற்கு அப்புறம் வருகிறேன். அன்றும் மறுநாளும் நாங்கள் என்ன செய்தோம், எங்கே கோட்டை விட்டோம், கையில் கடைசியாக என்ன மிஞ்சியது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். இப்படிப்பட்ட பதிவுகளில் பிடித்த கதைகள்தான் அதிகம். தவறவிட்டதைக் கணக்குப் பார்த்து எழுதியவை குறைவு.

எங்கே, எப்போது

வெடிப்பின் பெயர் ஜி.ஆர்.பி. 221009ஏ. ஜி.ஆர்.பி. என்பது காமா கதிர் வெடிப்பின் ஆங்கிலச் சுருக்கம். பெயரிலேயே தேதி இருக்கிறது: 22-ஆம் ஆண்டு, 10-ஆம் மாதம், 9-ஆம் நாள்; 'ஏ' என்றால் அன்றைய முதல் வெடிப்பு. நாசாவின் ஃபெர்மி செயற்கைக்கோளில் உள்ள காமா கதிர் கண்காணிப்பான் இதை உணர்ந்தது உலக நேரம் 13:17-க்கு, அதாவது நமக்கு மாலை 6:47. சூரியன் மறைந்து ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது.

வெடித்த இடம் வானில் சகிட்டா என்கிற சின்ன அம்பு வடிவக் கூட்டத்துக்குள். நம்மவர்களுக்கு அடையாளம் சொல்வதென்றால், திருவோண நட்சத்திரத்துக்கும் அபிஜித்துக்கும் இடையே ஒரு கோடு போட்டு, திருவோணம் பக்கமாகப் பாதிக்குக் கீழே தேடலாம். பைனாகுலர் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் எளிது. சட்டை மாட்டும் ஹேங்கரைத் தலைகீழாக வைத்ததுபோல் ஒரு நட்சத்திரக் கூட்டம் அங்கே உண்டு, கோட் ஹேங்கர் என்றே பெயர். அதிலிருந்து மேற்கே மூன்று டிகிரி போனால் இடம் வந்துவிடும். ஹேங்கரும் அந்த இடமும் ஒரே பைனாகுலர் வட்டத்துக்குள் அடங்கும். முந்தின மாதம்தான் பிள்ளைகளுக்கு அந்த ஹேங்கரைக் காட்டியிருந்தோம். அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

சென்னையின் அட்சரேகையையும் அன்றைய நட்சத்திர நேரத்தையும் போட்டுப் பின்னால் கணக்குப் பார்த்தேன். 6:47-க்கு அந்த இடம் எங்கள் உச்சியிலிருந்து 11 டிகிரி தள்ளி இருந்தது. பூமியில் அதற்கு நேர் கீழே இருந்த புள்ளி மும்பைக்குச் சற்று மேற்கே, அரபிக்கடலில். வெடிப்பின் கதிர்கள் நம் தலைக்கு மேல் உள்ள அயனி மண்டலத்தையே கலக்கிவிட்டன; சீனாவின் ஒரு செயற்கைக்கோள் அந்தக் கலக்கத்தை மின்புல மாற்றமாகப் பதிவு செய்தது. அன்று அந்தக் கதிரை நேராக வாங்கிய அரைக்கோளத்தின் நடுவில் இருந்தது இந்தியாதான். உலகத்தின் பெரிய தொலைநோக்கிகள் பலவற்றில் அப்போது பட்டப்பகல்.

ஒரு தட்டு, மூன்று நிமிடம் அமைதி, பிறகு அடி

காமா கதிர் வெடிப்பு என்பது என்னவென்று அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சூரியனைப்போலப் பல மடங்கு எடையுள்ள நட்சத்திரம் ஒன்றின் மையம் தன் எடையிலேயே உள்ளே சரிந்து கருந்துளையாகும்போது, கிட்டத்தட்ட ஒளி வேகத்தில் இரண்டு எதிரெதிர்த் திசைகளில் தாரை பீறிடுகிறது. அந்தத் தாரை நம் பக்கம் பார்த்திருந்தால் நமக்குக் காமா கதிராகத் தெரியும். இது நீண்ட வகை. இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதி வரும் குறுகிய வகையும் உண்டு, அது பெரும்பாலும் இரண்டு வினாடிக்குள் முடிந்துவிடும். காமா கதிர் நின்ற பிறகு, தாரை சுற்றியுள்ள வாயுவில் மோதிச் சூடேற்றுவதால் எக்ஸ்ரேயிலும் கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் ரேடியோவிலும் ஒரு பின்னொளி வரும். எங்களைப்போன்ற மொட்டை மாடிக்காரர்களுக்கு எட்டக்கூடியது அந்தப் பின்னொளி மட்டும்தான். அதுவும் நிமிடத்துக்கு நிமிடம் மங்கிக்கொண்டே போகும்.

221009ஏ வந்த விதமே வேடிக்கை. 6:47-க்கு ஃபெர்மி உணர்ந்தது ஒரு சின்னத் தட்டு. யாரோ கதவைத் தட்டிவிட்டு ஓடிப்போனதுபோல. அதற்கப்புறம் மூன்று நிமிடம் கிட்டத்தட்ட அமைதி. பிறகு 6:51-ஐ ஒட்டி இரண்டு பெரிய அடி. அந்த அடியில் ஃபெர்மியின் கருவிகள் எண்ண முடியாமல் திணறிப்போயின. அடுத்த ஆண்டு தரவுகளைச் சேர்த்துப் பார்த்த குழுக்கள், இதற்கு முன் பதிவான எதைவிடவும் இது 70 மடங்கு பிரகாசம் என்றும், இப்படியொன்று 10,000 ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் பூமியை எட்டும் என்றும் கணக்கிட்டார்கள். சீனாவின் சிச்சுவான் மலையில், 4,400 மீட்டர் உயரத்தில் உள்ள லாசோ கண்காணிப்பகம் முதல் 3,000 வினாடிகளுக்குள் 60,000-க்கும் மேற்பட்ட மிகை ஆற்றல் ஒளித்துகள்களை எண்ணியது.

ஒரு சின்ன இடைச்செருகல். இந்த வெடிப்பை நம் நாட்டின் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளும் பதிவு செய்தது. 2015 செப்டம்பர் 28 காலை பத்து மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அது கிளம்பியது. அங்கிருந்து ராக்கெட் போனால் எங்கள் பகுதியில் மாடிக்கு மாடி ஆள் ஏறி வடக்கே பார்ப்பது வழக்கம். வெள்ளைக் கோடாகப் புகை தெரியும். ஆஸ்ட்ரோசாட்டில் இருக்கும் சி.இசட்.டி.ஐ. கருவி இயக்கிய முதல் நாளே, 2015 அக்டோபர் 6 அன்று, ஒரு காமா கதிர் வெடிப்பைப் பிடித்தது. எங்கள் பக்கத்து வானத்தில் ஏறிப்போன கருவி பார்த்துவிட்டது, கீழே இருந்த நாங்கள் பார்க்கவில்லை.

பெயர் செய்த வேலை

இப்போது எங்கள் தவறுக்கு வருகிறேன்.

ஃபெர்மியின் கண்காணிப்பான் வானத்தில் எந்தப் பக்கம் என்பதைப் பல டிகிரி அகலத்துக்குத்தான் சொல்லும். அதை வைத்து ஒரு டிகிரி அகலமே பார்க்கும் எங்கள் டெலஸ்கோப்பால் ஒன்றும் செய்ய முடியாது. துல்லியமான இடம் வேண்டுமானால் ஸ்விஃப்ட் செயற்கைக்கோள் சொல்ல வேண்டும். 2004-இல் ஏவப்பட்ட ஸ்விஃப்டின் சிறப்பே அதுதான்: தானே உணர்ந்து, தானே திரும்பி, எக்ஸ்ரேயிலும் கண்ணொளியிலும் பார்த்து, சில நிமிடங்களில் இடத்தைக் கீழே அனுப்பிவிடும். ஆனால் அன்று வெடித்த நேரத்தில் அந்த இடம் ஸ்விஃப்டின் பார்வைக்குள் இல்லை. 53 நிமிடம் கழித்து, நமக்கு மாலை 7:40-க்கு, அந்தப் பக்கம் பார்வை வந்தபோதுதான் அது விழித்துக்கொண்டது. அதுவரை மங்கியும்கூடப் பின்னொளி ஸ்விஃப்டை எழுப்பும் அளவுக்கு இருந்தது என்பதே ஆச்சரியம்.

இடமோ பால்வழியின் தளத்துக்கு நான்கு டிகிரி பக்கத்தில். அங்கே நம் மண்டலத்துக்குள்ளேயே திடீரென்று எரிந்து அடங்கும் எக்ஸ்ரே மூலங்கள் ஏராளம். ஆகவே முதல் சுற்றறிக்கை இதைக் காமா கதிர் வெடிப்பு என்று சொல்லவில்லை. 'ஸ்விஃப்ட் ஜே1913.1+1946' என்ற பெயரில், புதிதாகத் தோன்றிய ஒரு எக்ஸ்ரே மூலம் என்றே வந்தது. நியாயமான எச்சரிக்கைதான், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

குறை எங்கள் மின்னஞ்சல் வடிகட்டியில். காமா கதிர் வெடிப்புச் செய்திகளை உலகம் முழுவதும் அனுப்பும் ஜி.சி.என். அமைப்பில் நாங்களும் பதிவு செய்திருந்தோம். தானியங்கி அறிவிப்புகள் ராத்திரி பகல் பார்க்காமல் வரும். விடியற்காலை மூன்று மணிக்குப் போன் அலறி என் வீட்டில் ஒரு முறை பெரிய சண்டையே வந்தது. அதனால் ஒரு விதி போட்டிருந்தோம்: ஆட்கள் எழுதி அனுப்பும் சுற்றறிக்கை மட்டும் வரட்டும், அதிலும் தலைப்பில் 'ஜி.ஆர்.பி.' என்று இருந்தால் மட்டும் மணி அடிக்கட்டும். மற்றவை சத்தமில்லாமல் ஒரு மூலைக்குப் போய்விடும்.

அன்று அது மூலைக்குத்தான் போனது. அதையும் மீறி எங்கள் குழுவில் இருக்கும் கல்லூரித் தம்பி ஒருவன், வேறு எதையோ தேடப்போய், எட்டரை மணி வாக்கில் அதைப் பார்த்தான். பிள்ளைகள் கலைந்திருந்தார்கள். நான் டெலஸ்கோப் குழாயை மூடிக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, ஸ்விஃப்ட் ஒண்ணு போட்டிருக்கு. சகிட்டா பக்கம்."

"ஜி.ஆர்.பி.யா?"

"இல்லண்ணே, நம்ம கேலக்ஸிக்குள்ளதான் ஏதோன்னு போட்டிருக்காங்க."

"அப்ப விடு தம்பி, பௌர்ணமியில அதெல்லாம் எங்க தெரியப்போவுது. குழாயப் புடி."

இரண்டு நிமிடப் பேச்சுகூட இல்லை. நான் அந்த 'விடு தம்பி'யைச் சொன்ன நேரத்தில் அந்த இடம் மேற்கே ஐம்பது டிகிரிக்கு மேல் உயரத்தில், தண்ணீர் டேங்குக்கு மேலே, மறைப்பே இல்லாமல் இருந்தது. நள்ளிரவு தாண்டித்தான் மறைந்தது. குழாயும் அதைத் தாங்கித் திருப்பும் மவுண்டும் மாடியிலேயே, ஏற்கெனவே சமன் செய்து, துருவம் பார்த்து நின்றன. செய்ய வேண்டியிருந்ததெல்லாம் கண்வில்லையைக் கழற்றிக் கேமராவை மாட்டுவது.

சில மணி நேரத்தில் ஃபெர்மியின் 6:47 பதிவையும் ஸ்விஃப்டின் 7:40 இடத்தையும் சேர்த்துப் பார்த்து, இரண்டும் ஒன்றுதான், இது காமா கதிர் வெடிப்புதான் என்று சுற்றறிக்கை வந்தது. இப்போது தலைப்பில் 'ஜி.ஆர்.பி.' இருந்தது, என் போன் சமர்த்தாக மணி அடித்தது. அப்போது டெலஸ்கோப் கட்டிலுக்கு அடியில்.

இரண்டாம் இரவு

திங்கட்கிழமை வேலைக்குப் போய்வந்து மாலை ஆறரைக்கு மாடி ஏறினோம். மூன்று பேர். மாடியில் கீழ்வீட்டு அக்கா துணி காயப்போட்டிருந்தார். கொடி சரியாக மேற்குப் பக்கம் குறுக்கே. அவரைக் கூப்பிட்டுக் கேட்டு, துணிகளை எடுத்து, கொடியை அவிழ்ப்பதற்குள் ஏழு ஆகிவிட்டது.

எங்கள் வானத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கிழக்கே துறைமுகத்தின் உயர்கோபுர விளக்குகள். வடக்கே மணலிப் பக்கம் அடிவானம் எப்போதும் ஆரஞ்சு. கடற்காற்றில் உப்பும் ஈரமும். ஒரு மணி நேரத்தில் கண்ணாடி பனித்துவிடும், அதனால் முடி உலர்த்தும் டிரையர் ஒன்று எப்போதும் கூடவே இருக்கும். போதாதற்குப் பௌர்ணமிக்கு மறுநாள் நிலா. வெறும் கண்ணுக்கு அன்று திருவோணமும் அபிஜித்தும் இன்னும் நாலைந்தும் தெரிந்தன, அவ்வளவுதான்.

ஹேங்கரில் தொடங்கி மேற்கே மூன்று டிகிரி நகர்ந்தோம். ஒரு படம் எடுத்து, அதிலுள்ள நட்சத்திர அமைப்பை வரைபடத்தோடு ஒப்பிடும் மென்பொருளில் கொடுத்தோம். கால் டிகிரி தெற்கே போயிருந்தோம். சரிசெய்து, இடத்தைப் படத்தின் நடுவுக்குக் கொண்டுவந்தோம். பிறகு 20 வினாடிப் படங்களாக 180 எடுத்தோம், மொத்தம் ஒரு மணி நேர ஒளி. இருபது வினாடிக்கு மேல் போனால் நிலவொளியிலும் தெருவொளியிலும் பின்னணியே வெளுத்துவிடுகிறது, அதனால் அந்த அளவு. நடுவில் யாரோ படியேறி வந்த அதிர்வில் நான்கு படம் கோடாகிப் போனது, அவற்றை எறிந்துவிட்டுத் திரும்ப எடுத்தோம்.

ஒற்றைப் படத்தில் 14-ஆம் மேக்னிட்யூட் வரை நட்சத்திரம் தெரிந்தது. மேக்னிட்யூட் என்பது தலைகீழ் அளவு: எண் கூடினால் மங்கல், ஐந்து கூடினால் ஒளி நூறில் ஒன்று. இந்த நூறு மடங்குக் கணக்கை 1856-இல் முன்மொழிந்தவர் நார்மன் போக்சன். ஐந்தாண்டு கழித்து அவர் சென்னைக்கு வந்து, நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானியல் ஆய்வகத்துக்குத் தலைவராக இருந்து, இந்த ஊரிலேயே 1891-இல் இறந்தார். பள்ளியில் யாரும் சொன்னதில்லை. தெரிந்த நாளிலிருந்து மேக்னிட்யூட் கணக்குப் போடும்போதெல்லாம் ஊர்க்காரர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல ஒரு நினைப்பு.

180 படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்தால், இரைச்சல் 180-இன் வர்க்கமூல அளவுக்கு, அதாவது பதின்மூன்றில் ஒரு பங்காகக் குறையும். அது 2.8 மேக்னிட்யூட் லாபம். ஆக 16.8 வரை பார்க்கலாம் என்பது ஏட்டுக்கணக்கு. ராத்திரி பதினொரு மணிக்கு அடுக்கி முடித்து, அட்டவணையில் அளவு தெரிந்த பக்கத்து நட்சத்திரங்களை வைத்துச் சரிபார்த்தோம். 16.5 நட்சத்திரம் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. 16.8 சந்தேகத்துக்கு இடமாக ஒரு புள்ளி. அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

வெடிப்பின் இடத்தில்? தம்பி திரையில் விரலை வைத்து, "இதோ இங்க லேசா இருக்குல்லண்ணே?" என்றான். எனக்கும் இருப்பதுபோலத்தான் இருந்தது. படங்களை இரண்டு பாதியாகப் பிரித்துத் தனித்தனியாக அடுக்கினோம். முதல் பாதியில் அந்தப் புள்ளி இருந்தது, இரண்டாம் பாதியில் இல்லை. அதே இரண்டாம் பாதியில் வேறொரு இடத்தில் அதைவிடப் பிரகாசமாக ஒரு புள்ளி முளைத்திருந்தது. இரைச்சல். இந்தத் தொழிலில் ஆசைதான் பெரிய எதிரி. பார்க்க வேண்டும் என்று நினைத்துப் பார்த்தால் எல்லாப் படத்திலும் ஏதோ ஒன்று தெரியும். பாதியாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் மட்டும் இல்லாதிருந்தால், அன்றிரவே 'பிடித்துவிட்டோம்' என்று எழுதியிருப்போம்.

எழுதியிருந்தால் பொய்யாகியிருக்கும். ஒரு நாள் ஆன பின்னொளி அந்நேரம் 18-ஆம் மேக்னிட்யூடையும் தாண்டி மங்கியிருந்தது. எங்கள் வரம்பைவிட மூன்று நான்கு மடங்குக்கும் மேல் மங்கல். லடாக்கில் ஹான்லேயில், 4,500 மீட்டர் உயரத்தில் உள்ள 70 சென்டிமீட்டர் குரோத்-இந்தியா தொலைநோக்கி இந்தப் பின்னொளியைப் பதிவு செய்தது. காற்று மெலிந்த இருட்டு மலைக்கும் தண்டையார்பேட்டை மாடிக்கும் போட்டி வைக்க முடியாது.

முதல் இரவு திரும்பியிருந்தால்?

இந்தக் கேள்வியைத்தான் நான் அதிகம் போட்டுப் புரட்டியிருக்கிறேன். 7:40-க்கு விழித்த ஸ்விஃப்ட் மூன்று நிமிடத்துக்குள் தன் கண்ணொளித் தொலைநோக்கியை அங்கே திருப்பியபோது, பின்னொளி 16.6 மேக்னிட்யூட் இருந்தது. எங்கள் வரம்பு 16.5-க்கும் 16.8-க்கும் நடுவில். ஸ்விஃப்டின் அந்த அளவு நீல ஒளியை நிறையச் சேர்த்து எடுப்பது. எங்கள் கேமராவோ சிவப்பில் நன்றாகப் பார்ப்பது. வெடிப்புக்கும் நமக்கும் நடுவே பால்வழியின் தூசி அடர்ந்து கிடந்தது. தூசி நீலத்தை அதிகம் விழுங்கும், சிவப்பைக் கொஞ்சம் விடும். ஆகவே எட்டரைக்குத் திருப்பியிருந்தால் ஒரு மங்கலான, ஆனால் இரண்டு பாதியிலும் தாக்குப்பிடிக்கிற புள்ளி கிடைத்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அடித்துச் சொல்ல மாட்டேன், பௌர்ணமி பௌர்ணமிதான்.

தூசி எவ்வளவு என்றால், கண்ணொளியில் நான்கு மேக்னிட்யூடுக்கும் கொஞ்சம் மேலே. கிளம்பிய ஒளியில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்குதான் வந்து சேர்ந்தது. பால்வழித் தளத்தைவிட்டு விலகி, தூசியில்லாத திசையில் இதே வெடிப்பு நடந்திருந்தால் ஒரு மணி நேரம் கழித்தும் 12, 13 மேக்னிட்யூடில் இருந்திருக்கும். அதை நாங்கள் ஒற்றைப் படத்திலேயே பிடித்திருப்போம். நமக்குக் குறுக்கே நின்ற அதே தூசி வேறு சிலருக்கு உபகாரம் செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். வெடிப்பின் எக்ஸ்ரே அந்தத் தூசி மேகங்களில் சிதறி, வெடிப்பைச் சுற்றி 20 வளையங்களாகத் தெரிந்தது. எக்ஸ்.எம்.எம்.-நியூட்டன் தொலைநோக்கியில் அந்தப் படத்தைப் பார்த்தால் குளத்தில் கல் எறிந்ததுபோல இருக்கும். வளையத்தின் அளவை வைத்து ஒவ்வொரு மேகமும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்துவிட்டார்கள்.

6:51-க்கு அண்ணாந்து பார்த்திருந்தால்? எங்கள் குழுவில் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு இந்த ஆதங்கம் தீரவே இல்லை. "கண்ணுக்கே தெரிஞ்சிருக்கும்பா, நாம குனிஞ்சுகினு இருந்துட்டோம்" என்பார். முன்னுதாரணம் இல்லாமலில்லை. 2008 மார்ச் 19 அன்று 750 கோடி ஒளியாண்டுத் தொலைவிலிருந்து வந்த ஒரு வெடிப்பு, அரை நிமிடம்போல, வெறும் கண்ணுக்கே தெரியும் அளவை எட்டியது. ஐந்தரை மேக்னிட்யூடுக்கும் சற்றுப் பிரகாசம். நமக்கு அப்போது பகல் 11:43. ஆனால் 221009ஏ விஷயத்தில் பெரியவருக்குச் சாதகமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆஸ்திரேலியாவில் எரிகற்களைப் பிடிக்க வானம் முழுவதையும் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு கேமராவின் பார்வையில் அந்த நேரம் அந்த இடமும் இருந்தது. 3.8 மேக்னிட்யூடைவிடப் பிரகாசமாக எதுவும் அதில் பதியவில்லை. எங்கள் வானத்தில், அந்தி வெளிச்சம் முழுதும் அடங்காத நேரத்தில், நிலா ஏறும்போது, அதைவிட மங்கலான எதையும் கண் பார்த்திருக்காது. கண்ணை விடுங்கள், உச்சியைப் பார்த்து ஒரு சாதாரணக் கேமராவும் லென்ஸும் வைத்திருந்தால் கதை மாறியிருக்கலாம். 1999 ஜனவரி 23 அன்று, வெடிப்பு முடிவதற்குள்ளேயே அதன் ஒளியை முதன்முதலில் படமெடுத்த ரோட்ஸி கருவி என்ன பெரிய தொலைநோக்கியா? நான்கு கேனான் டெலிலென்ஸ்களை ஒரு மவுண்டில் கட்டியது. வெடிப்பு தொடங்கி 22 வினாடியில் திரும்பி, 47-ஆவது வினாடியில் அது ஒன்பதாம் மேக்னிட்யூடை எட்டியதைப் பிடித்துவிட்டது. அளவு பெரிதில்லை, அது திரும்பி நின்ற நேரம்தான் பெரிது.

பிறகு நடந்தவை

சிலியில் உள்ள வி.எல்.டி. தொலைநோக்கி செம்பெயர்ச்சியை, அதாவது தூரத்தைக் காட்டும்படி ஒளி சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கும் அளவை, 0.151 என்று அளந்தது. அந்த ஒளி கிளம்பி 190 கோடி ஆண்டு ஆகியிருந்தது. இந்த வகை வெடிப்புகளில் இது நமக்கு மிகப் பக்கத்தில் நடந்தவற்றுள் ஒன்று. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி சில மாதம் கழித்துப் பார்த்து, பின்னொளிக்கு அடியில் எதிர்பார்த்தபடியே ஒரு சூப்பர்நோவா, அதாவது அந்த நட்சத்திரமே வெடித்துச் சிதறிய ஒளி, இருந்ததைக் காட்டியது. அது சாதாரண சூப்பர்நோவாவாகவே இருந்ததும், தங்கம் போன்ற கன உலோகங்கள் உருவான அடையாளம் அதில் இல்லாததும்தான் அவர்களுக்கு வியப்பு.

எங்கள் பக்கத்தில் நடந்தது சிறியது. எங்கள் 16.5 வரம்பை ஜி.சி.என்.-னுக்கு அனுப்பலாமா என்று ஒரு வாக்குவாதம் நடந்தது. அனுப்ப வேண்டாம் என்றேன். 18-க்கும் கீழே மங்கிவிட்ட ஒன்றைப் பற்றி, '16.5 வரை தெரியவில்லை' என்று சொல்வதால் யாருக்கும் எதுவும் கூடப்போவதில்லை. பெரிய தொலைநோக்கிக்காரர்கள் அன்று நூற்றுக்கணக்கில் சுற்றறிக்கை படித்துக்கொண்டிருந்தார்கள், அதில் எங்கள் பெயருக்காக ஒன்று எதற்கு? தம்பிக்கு வருத்தம்தான். படங்களை எல்லாம் மூலத்தோடு ஒரு வன்தட்டில் போட்டு, தேதியும் வரம்பும் எழுதி வைத்திருக்கிறோம்.

மின்னஞ்சல் விதியை மாற்றினோம். இப்போது தலைப்பு என்னவென்று பார்ப்பதில்லை. ஸ்விஃப்ட் புதிதாக ஒரு இடம் சொல்லி, அந்த இடம் நமக்கு 30 டிகிரிக்கு மேல் உயரத்தில், சூரியன் மறைந்த பிறகு இருந்தால் மணி அடிக்கும். பால்வழியா வெளியா என்பதைத் தீர்மானிப்பது எங்கள் வேலை இல்லை. வீட்டில் சண்டை மறுபடி வந்தது. மணிச் சத்தத்தைக் குறைத்து, போனைத் தலையணைக்கு அடியில் வைத்துச் சமாதானம் ஆனோம்.

மாதம் ஒரு முறை ஒத்திகையும் வைத்துக்கொள்கிறோம். யாராவது ஒருவர் கீழே தெருவிலிருந்து போன் செய்து, வானத்தில் ஏதோ ஒரு இடத்தின் எண்களைச் சொல்வார். அந்த நொடியிலிருந்து கடிகாரம் ஓடும். அந்த இடம் படத்தின் நடுவில் வந்து முதல் 20 வினாடிப் படம் வன்தட்டில் விழுந்தால் நிறுத்துவோம். முதல் தடவை 19 நிமிடம் ஆனது, பெரியவர் தலையில் அடித்துக்கொண்டார். போன மாதம் 6 நிமிடம் 40 வினாடி. அதில் இரண்டு நிமிடம் அக்காவின் துணிக்கொடியை அவிழ்க்க.